பெடலின் முதல் அங்குலம்

கார்பரேட்டர் வாங்கி வருகிறவர்கள் லிங்கேஜ் வாங்கி வருவதில்லை. பெட்டியைப் பிரித்து, பளபளக்கும் அலுமினியத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, "எப்போது முடியும் தாதா?" என்று கேட்பார்கள். அந்தப் பெட்டிக்கும் காலடிப் பெடலுக்கும் நடுவே இருப்பதைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. பெடல், அதன் அச்சு, ஒரு கம்பி அல்லது கேபிள், குறுக்கே ஒரு தண்டு, பால் ஜாயின்ட்டுகள், ஸ்பிரிங்குகள், கடைசியில் கார்பரேட்டர் ஸ்பிண்டிலில் ஒரு சின்ன லீவர். இத்தனையும் சேர்ந்ததுதான் லிங்கேஜ். ஓட்டுகிறவரின் கால் பேசுவது இதனோடுதான். கார்பரேட்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கால் சொன்னதை லிங்கேஜ் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அப்படித்தான் வண்டி ஓடும்.

கொல்கத்தாவில் பழைய கார்களுக்கு இந்த வேலையைச் செய்தே எனக்குத் தலை நரைத்தது. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அக்கம்பக்கத்துப் பையன்கள் வங்கித் தேர்வுக்குப் படித்த வயதில் நான் மல்லிக் பஜாரில், பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் சேர்ந்தேன். பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையும் சந்திக்கிற முனையை ஒட்டிய சந்தை அது. உடைத்த வண்டிகளின் கதவுகள், கியர்பெட்டிகள், விளக்கு வளையங்கள் எல்லாம் கூரை வரை அடுக்கியிருக்கும். உஸ்தாத் உருதுவில் அதட்டுவார், நான் வங்காளத்தில் பதில் சொல்வேன். எனக்கு அவர் முதலில் கொடுத்த வேலை, ஒரு சாக்கு நிறையக் கிடந்த பழைய லீவர்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் கழுவித் தரம் பிரிப்பது. தேய்ந்தது எது, தேறுவது எது என்று விரலாலேயே சொல்லத் தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடவிட்டார்.

எங்கள் ஊரில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் வருவது அம்பாசடர். வராமல் எப்படி? ஹவுராவிலிருந்து பர்தமான் போகும் மெயின் லைனில் ஹிந்த் மோட்டார் என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை. 1957இல் தொடங்கி 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அம்பாசடர் அங்கிருந்துதான் வந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடம்பு. நெடுங்காலம் அதைச் சுமந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய பி-சீரிஸ். இதே குடும்பத்து 1489 சி.சி. என்ஜின்தான் 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும், எம்.ஜி. மேக்னெட் காரிலும் இருந்தது. அம்பாசடரில் ஒற்றைக் கார்பரேட்டரோடு 50 குதிரைத்திறனை ஒட்டி. எம்.ஜி.ஏ.வில் இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டரோடும் கூடுதல் சூட்டிகையான கேம்ஷாஃப்டோடும் 70ஐ ஒட்டி. இந்த உறவைத் தெரிந்துகொண்ட எந்த அம்பாசடர்க்காரருக்கும் ஆசை வரத்தான் செய்யும். எம்.ஜி.யின் இன்டேக் மேனிஃபோல்டு நம் என்ஜினின் தலையில் உட்காரும். எஸ்.யூ. கார்பரேட்டர்களை இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பர்லன் நிறுவனம் இன்றும் செய்கிறது. ஆக, பணமிருந்தால் கார்பரேட்டர் கிடைத்துவிடும். எம்.ஜி.யின் லிங்கேஜோ எம்.ஜி.யின் பெடலுக்கும் அந்தக் காரின் உடம்புக்கும் அளந்து செய்தது. அம்பாசடருக்கு அதை நாம்தான் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 1¼ அங்குல எஸ்.யூ. ஒன்றை எடுத்துவிட்டு 1½ அங்குல எஸ்.யூ. இரண்டைப் போட்டால், காற்று போகும் வாயின் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. என்ஜின் அதேதான். 1,200, 1,500 சுற்றில் அதற்கு வேண்டிய காற்று கொஞ்சம். வாய் பெரிதாக இருந்தால், அதைத் திறந்து மூடும் தட்டான பட்டர்ஃப்ளை கால்வாசி திறக்கும் முன்பே அந்த வேகத்துக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். மீதி முக்கால்வாசிப் பெடல் வெறும் நடை. அதாவது, பழைய கார்பரேட்டரில் காலுக்கு இரண்டு அங்குலத்தில் கிடைத்த கட்டுப்பாடு இப்போது அரை அங்குலத்தில் சுருங்கிவிடுகிறது.

சியால்தாவிலிருந்து மாணிக்தலா வழியாக ஷியாம்பஜார் ஐந்துமுனைக்கு ஒரு வேலைநாள் மாலையில் போய்ப் பாருங்கள். பஸ், ஆட்டோ, கை ரிக்‌ஷா, தள்ளுவண்டி, சில இடங்களில் தார் மூடாத டிராம் தண்டவாளம். முதல் கியர், இரண்டாம் கியர், திரும்ப முதல் கியர். கொல்கத்தாவில் ஒரு காரின் வாழ்நாள் பெடலின் முதல் அங்குலத்துக்குள்ளேயே கழிகிறது. முழுப் பெடலும் தேவைப்படுவது விடியற்காலையில் மா மேம்பாலத்தில் ஏறும்போதோ, வித்யாசாகர் சேதுவைத் தாண்டிக் கோனா சாலையில் விரட்டும்போதோதான். வெளிநாட்டுக் கையேடுகள் பந்தயத்தை மனதில் வைத்து, முழுத் திறப்பு கிடைக்கிறதா என்று பார் என்றே முதலில் சொல்லும். நான் என் பையன்களுக்கு நேர்மாறாகச் சொல்லித் தருகிறேன். முதல் அங்குலத்தைச் செதுக்கு. முழுத் திறப்பு அதன் பிறகு.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு: முழு மூடல். உஸ்தாத் புதுக் கார்பரேட்டர் வந்ததும் கேபிளைப் பற்றிப் பேசவே மாட்டார். ஸ்பிண்டிலில் இருக்கிற ஐடிலிங் ஸ்க்ரூவை முழுக்கப் பின்வாங்கி, பட்டர்ஃப்ளையைக் கையால் மெல்லத் திறந்து விடுவார். அது தானாகத் திரும்பி வந்து வாயின் சுவரைத் தொடும் சத்தம் சுத்தமாகக் கேட்க வேண்டும். சத்தம் மழுங்கினால் பட்டர்ஃப்ளை மையத்தில் இல்லை என்று பொருள். அதன் இரண்டு சிறு திருகுகளைத் தளர்த்தி, தட்டி உட்கார வைத்து, மறுபடி இறுக்க வேண்டும். திருகின் பிளந்த முனையைப் பழையபடி விரித்துவிட மறக்கக் கூடாது. கழன்று விழுந்தால் அது நேராக என்ஜினுக்குள் போகும். பிறகு மேனிஃபோல்டில் நட்டுகளை இறுக்கிய பின்னும் அதே சோதனை. மேசையில் சுதந்திரமாக ஆடிய ஸ்பிண்டில், இறுக்கியதும் பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கார்பரேட்டரின் முகமோ மேனிஃபோல்டின் முகமோ வளைந்திருக்கும். மலிவான நகல் கார்பரேட்டர்களில் இது அதிகம். கண்ணாடிப் பலகைமேல் எமரித் தாளை விரித்து முகத்தைத் தேய்த்துச் சமமாக்கினால் தீரும். இதைச் செய்யாமல் பிடிக்கிற ஸ்பிண்டிலை வலுவான ஸ்பிரிங் போட்டு இழுக்கிறவர்கள் உண்டு. அது நோயை மூடி வைப்பது.

இரட்டை எஸ்.யூ.வில் இரண்டு ஸ்பிண்டில்களையும் நடுவே ஒரு தண்டு இணைக்கிறது. ஒரே நுகத்தில் பூட்டும் இரண்டு மாடுகளைப் போல, பூட்டுவதற்கு முன் தனித்தனியே ஒரே நடைக்குப் பழகியிருக்க வேண்டும். பூட்டிவிட்டுப் பழக்கலாம் என்றால் வலுத்தது இளைத்ததை இழுத்துக்கொண்டு போகும். அதனால் நடுத் தண்டின் கவ்விகளை முற்றிலும் தளர்த்திவிடுவோம். இரண்டு பட்டர்ஃப்ளைகளும் மூடியபின், இரண்டு ஐடிலிங் ஸ்க்ரூக்களையும் தொடும்வரை கொண்டுவந்து, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று உள்ளே. என்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஒரு முழ நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்பரேட்டரின் வாயிலும் ஒரே இடத்தில் பிடித்துக் கேட்போம். காற்றை அளக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன, என் பையன்கள் அவற்றையே பயன்படுத்துகிறார்கள். எனக்குக் குழாய் போதும்.

பி-சீரிஸ் என்ஜினில் இந்தச் சத்தம் ஒரே சீராக இருக்காது. அதன் தலையில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே இன்டேக் வாய்கள். 1, 2 ஒரு வாய். 3, 4 ஒரு வாய். தீப்பிடிக்கும் வரிசை 1-3-4-2. ஆகவே ஒவ்வொரு கார்பரேட்டரும் அடுத்தடுத்து இரண்டு முறை இழுக்கும், இரண்டு முறை சும்மா இருக்கும். இரட்டைத் துடிப்பு, இடைவெளி, இரட்டைத் துடிப்பு. முதல்தடவை கேட்கிற பையன் என்ஜினில் ஏதோ கோளாறு என்று நினைப்பான். அந்தத் துடிப்பு இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஐடிலிங்கில் சமமான பிறகு பூட்டலாம். லீவரில் இருக்கும் சிறு ஊசி, ஸ்பிண்டிலின் கவைக்குள் நிற்கும் வகைகளில், ஊசிக்கும் கவைக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். நான் 0.3 மி.மீ. ஃபீலர் வைத்து விட்டுவிடுவேன். எதற்கு அந்த இடைவெளி? கால் எடுத்தபிறகு ஒவ்வொரு பட்டர்ஃப்ளையும் தன் சொந்த ஸ்க்ரூவின் மேல் உட்கார வேண்டும், பக்கத்துக் கார்பரேட்டரின் ஸ்க்ரூவின் மேல் அல்ல. இடைவெளி இல்லாமல் இறுக்கினால் ஒன்று முழுக்க மூடும், மற்றது மயிரிழை திறந்து தொங்கும். ஐடிலிங் நாளுக்கு ஒரு விதமாக இருக்கும். வண்டிக்காரர் ஜெட்டைத் திருகுவார், டைமிங்கைத் திருகுவார், கடைசியில் கார்பரேட்டரையே குறை சொல்வார். இரண்டு கவைகளிலும் இடைவெளி சமமாக இருந்தால்தான் இரண்டும் ஒரே கணத்தில் எழும். பூட்டிய பின் 1,500 சுற்றில் நிறுத்தி மறுபடி காதை வைக்க வேண்டும். ஐடிலிங்கில் மட்டும் சமமாக இருந்து என்ன பயன்? ஓடும்போதல்லவா சமமாக இருக்க வேண்டும்.

இனிக் கம்பியா, கேபிளா. இது எங்கள் தொழிலில் பெரிய வாதம். பழைய வண்டியின் அழகைக் கெடுக்காமல் கம்பிகளும் பால் ஜாயின்ட்டுகளும்தான் வேண்டும் என்பார்கள் சிலர். கண்ணுக்கு அது அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்முடையது வலப்பக்க ஸ்டியரிங். பெடல் வலப்பக்கம். பி-சீரிஸ் என்ஜினில் கார்பரேட்டர் இருப்பதோ இடப்பக்கம். கம்பி முறையில் என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரின் குறுக்கே ஒரு தண்டைக் கொண்டுபோக வேண்டும், அந்தத் தண்டு வண்டியின் உடம்போடு சேர்ந்தது. கார்பரேட்டர் என்ஜினோடு சேர்ந்தது. என்ஜின் ரப்பர் மவுன்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முதல் கியரில் கிளட்சை விட்டதும் என்ஜின் ஒருபக்கம் சாயும். சாயும்போது உடம்பிலிருந்து வரும் கம்பி கார்பரேட்டர் லீவரைத் தள்ளும் அல்லது இழுக்கும், காலுக்கு இதில் பங்கே இல்லை. பட்டர்ஃப்ளை திறந்தால் என்ஜின் இன்னும் சாய்கிறது, பிறகு திரும்புகிறது, மறுபடி சாய்கிறது. வண்டி தவ்வித் தவ்விப் போகும். கிளட்ச் தட்டு போய்விட்டது என்று கழற்றியே பார்த்த பட்டறைகளும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: என்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் என்ஜினைக் கையால் பலமாக இருபுறமும் அசைக்க, இன்னொருவர் கார்பரேட்டர் லீவரைப் பார்க்க வேண்டும். லீவர் அசைந்தால் கம்பியின் திசை தப்பு. என்ஜின் சாயும் திசைக்குக் குறுக்காக, கூடுமானவரை நீளமான கம்பியாகப் போட்டால் இந்த இழுப்பு குறையும். முற்றிலும் போகாது. கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. கேபிளின் வெளிக்கூட்டை மேனிஃபோல்டிலேயே ஒரு பிராக்கெட் போட்டுப் பிடித்துவிட்டால், என்ஜின் எவ்வளவு ஆடினாலும் கூடும் உள்கம்பியும் சேர்ந்தே ஆடும். நகரத்தில் தினமும் ஓடும் வண்டிக்கு என் தேர்வு கேபிள்தான். பிராக்கெட் கனமான தகட்டில் இருக்க வேண்டும். மெல்லிய தகடு பெடலை மிதிக்கும்போது வளையும், அந்த வளைவு பெடலில் ரப்பரை மிதிப்பது போன்ற தொய்வாகத் தெரியும்.

கேபிள் என்றால் கணக்கு சுலபம். கார்பரேட்டர் ஸ்பிண்டிலில் கேபிள் சுற்றிவர ஒரு கால்வட்டச் சக்கரம் போடுகிறோம். பட்டர்ஃப்ளை மூடியதிலிருந்து முழுக்கத் திறக்க 80 டிகிரி அளவு சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 30 மி.மீ. என்றால் 42 மி.மீ. கேபிள் இழுபட வேண்டும். பெடலின் மேல்முனை 35 மி.மீ.தான் இழுக்கிறதென்றால் 25 மி.மீ. ஆரம் போதும். அளக்காமல் கிடைத்த சக்கரத்தைப் போடுகிறவர்களின் வண்டியில், ஒன்று பெடல் தரையைத் தொட்ட பின்னும் பட்டர்ஃப்ளை பாதியில் நிற்கும், அல்லது பாதிப் பெடலிலேயே அது முழுக்கத் திறந்து, மீதி பலமெல்லாம் கேபிள் நிப்பிளின் மேலும் ஸ்பிண்டிலின் மேலும் விழும். இரண்டாவது ஆபத்தானது. அதனால் பெடலுக்குக் கீழே தரையில் ஒரு போல்ட்டைத் தடையாக வைத்து, பட்டர்ஃப்ளை முழுக்கத் திறந்த அதே இடத்தில் பெடலும் அந்தப் போல்ட்டில் முட்டும்படி செய்வேன். அவசரத்தில் கால் எவ்வளவு அழுத்தினாலும் அந்த பலத்தைத் தரை வாங்கிக்கொள்ளும்.

முதல் அங்குலத்தைச் செதுக்குவது இந்தச் சக்கரத்தில்தான். வட்டமான சக்கரத்துக்குப் பதிலாக, தொடக்கத்தில் ஆரம் பெரிதாகவும் போகப் போகச் சிறிதாகவும் இருக்கும்படி அரமெடுத்துச் செய்தால், பெடலின் முதல் பகுதியில் பட்டர்ஃப்ளை மெதுவாகத் திறக்கும், பிறகு விரையும். பித்தளைத் தகட்டில் நானே வெட்டுகிறேன். கம்பி லிங்கேஜிலும் இதைச் செய்ய முடியும். மூடிய நிலையில் பெடல் பக்கத்து லீவரும் கம்பியும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்தால் முதல் நகர்வு மெல்லியதாகும். ஆனால் மறுமுனையில் எச்சரிக்கை வேண்டும். முழுத் திறப்பில் கார்பரேட்டர் லீவரும் கம்பியும் ஒரே கோட்டுக்கு வந்துவிட்டால் எந்த ஸ்பிரிங்கும் அதைத் திருப்பாது. டெட் சென்டர் என்பது இதுதான். வண்டி முழு வேகத்தில் பூட்டிக்கொள்ளும். முழுப் பெடலிலும் லீவருக்கும் கம்பிக்கும் நடுவே 30 டிகிரியாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்காமல் நான் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை.

ஸ்பிரிங்குகளைப் பற்றி எனக்குப் பிடிவாதம் உண்டு. இரண்டு வேண்டும். ஒன்று கார்பரேட்டர் லீவரிலேயே, இன்னொன்று பெடலிலோ குறுக்குத் தண்டிலோ. ஒன்று அறுந்தால் மற்றது தனியாக பட்டர்ஃப்ளையை மூடும் வலுவோடு இருக்க வேண்டும். ஒரே ஒரு முரட்டு ஸ்பிரிங்கைப் போட்டு விடுவது இரண்டு வகையில் கெடுதல். அறுந்தால் கதி இல்லை. அறாத நாளெல்லாம் அது ஸ்பிண்டிலை ஒருபக்கமாக இழுத்து இழுத்து உடம்பின் துளையை முட்டை வடிவமாக்கும், அந்த வழியே காற்று திருட்டுத்தனமாக நுழையும், ஐடிலிங் கெடும். போதாக்குறைக்கு, மூன்று மணி நேரம் நெரிசலில் ஓட்டுகிறவரின் கணுக்கால் வீங்கும். மஞ்சள் டாக்ஸிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் பழைய ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையைக் கட்டி ஓட்டுவார்கள். பி-சீரிஸில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கார்பரேட்டர் இருக்கும் அதே பக்கம், நேர் கீழே. அந்தச் சூட்டில் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? கூலியில் கழித்துக்கொள்ளாமலே நான் அவர்களுக்கு ஸ்பிரிங் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். தெருவில் எனக்கு முன்னாலும் பின்னாலும் வருகிற வண்டி அல்லவா.

கேபிள் சிக்கியதற்கு நான் கண்ட காரணங்களில் என்னை மிகவும் பாதித்தது, லிங்கேஜுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. பாலிகஞ்சிலிருந்து ஒருவர் தன் அம்பாசடரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். புதுக் கேபிள், நல்ல தரம், நைலான் உள்ளுறை. பாதித் திறப்பில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. வெட்டிப் பார்த்தால் நைலான் உருகிக் கம்பியோடு சேர்ந்திருந்தது. எக்ஸாஸ்டிலிருந்து அது தள்ளித்தான் போயிருந்தது. எங்கோ என்ஜினை இறக்கி ஏற்றியபோது, என்ஜினையும் உடம்பையும் இணைக்கும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டவில்லை. என்ஜின் ரப்பரின் மேல் நிற்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்ப ஒரு வழி தேட வேண்டும். கிடைத்த உலோகம் இந்த ஆக்சிலேட்டர் கேபிள்தான். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் கேபிள் ஹீட்டர் கம்பியாகிச் சுட்டிருக்கிறது. அன்றிலிருந்து, யார் எந்த வண்டியைக் கொண்டுவந்தாலும் பானெட்டைத் திறந்ததும் நான் தேடுவது எர்த் பட்டையை.

வெபர் வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு. இத்தாலியின் பொலோன்யாவில் எடோர்தோ வெபர் தொடங்கிய நிறுவனம். அதன் பக்கவாட்டுக் கார்பரேட்டரான டி.சி.ஓ.இ. பந்தயக்காரர்களின் கனவு. நமது பி-சீரிஸுக்கு 45 டி.சி.ஓ.இ. ஒன்று போதும், அதன் இரண்டு வாய்களும் என்ஜினின் இரண்டு வாய்களுக்குச் சரியாகப் பொருந்தும். இரண்டு வாய்க்கும் ஒரே ஸ்பிண்டில், ஆகவே இரண்டைச் சமப்படுத்தும் வேலை இல்லை. லிங்கேஜ்காரனுக்கு அது சுலபம். கொல்கத்தாவில் ஓட்டுகிறவருக்கு அது கடினம். ஏன் என்றால், எஸ்.யூ.வில் கால் திறப்பது பட்டர்ஃப்ளையை மட்டும். மேலே இருக்கும் பிஸ்டன், என்ஜின் உறிஞ்சும் அளவுக்குத் தக்கபடி எண்ணெய்த் தணிப்போடு மெதுவாக எழும். ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்கியபோது பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தி வைத்தார்கள். காலணி வியாபாரக் குடும்பம், தோல் கைக்குப் பழகிய பொருள். துருத்தி போய்ப் பிஸ்டன் வந்தது, குணம் மாறவில்லை. முரட்டுக் காலை எஸ்.யூ. மன்னிக்கும்.

வெபர் மன்னிக்காது. அதில் ஸ்பிண்டிலோடு சேர்ந்து ஓர் ஆக்சிலரேட்டர் பம்ப் வேலை செய்கிறது. ஸ்பிண்டில் அசையும் ஒவ்வொரு முறையும் பச்சைப் பெட்ரோலைப் பீய்ச்சும். தண்டவாளத்தில் சக்கரம் குதிக்க, கால் குலுங்க, பெடல் குலுங்க, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு பீய்ச்சல். மாணிக்தலா தாண்டுவதற்குள் பிளக்குகள் கரி பிடிக்கும். அதனால் டி.சி.ஓ.இ. போடும் வண்டியில் ஆரம் மாறும் சக்கரத்தை நான் கட்டாயமாக்கிவிட்டேன். பெடலின் பக்கத்தில் பாதத்தின் விளிம்பு சாய்ந்து நிற்க ஒரு மேடையும் வைப்பேன். கால் எதன்மேலாவது ஊன்றியிருந்தால் பாதிக் குலுக்கல் பெடலுக்குப் போகாது. கார்பரேட்டரை மேனிஃபோல்டோடு கல்லாக இறுக்குவதும் தவறு. ரப்பர் வளையத்தின் மேல், இரட்டைச் சுருள் வாஷர்கள் போட்டு, சுருள்களுக்கு நடுவே சிறு இடைவெளி தெரியும்படி விட வேண்டும். அந்த மிதப்பு இல்லையென்றால் என்ஜின் அதிர்வில் மிதவை அறையில் பெட்ரோல் நுரைக்கும்.

நகரத்தில் ஓட்ட மட்டும் வெபர் வேண்டுமென்றால் நான் சொல்வது, மேலிருந்து கீழே பாயும் 32/36 டி.ஜி.வி. அதில் 32 மி.மீ. வாய் முதலில் திறக்கும். அது மூன்றில் இரண்டு பங்கு திறந்த பிறகுதான் 36 மி.மீ. வாய் அசையத் தொடங்கும். நாம் தகடு வெட்டிச் செய்கிற வேலையை இதைச் செய்தவர்கள் உள்ளேயே செய்து வைத்திருக்கிறார்கள். பந்தயப் பெயர் இதற்கு இல்லை, ஆகையால் யாரும் கேட்டு வருவதில்லை. என் கையில் விட்டிருந்தால் இந்த ஊரின் பாதி வண்டிகளுக்கு இதைத்தான் போட்டிருப்பேன்.

மழைக்காலத்தைச் சொல்லாமல் கொல்கத்தா வண்டியைப் பற்றிப் பேச முடியாது. ஆடி, ஆவணியில் ஆம்ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட்டிலும் டன்டானியாவிலும் தண்ணீர் சக்கரத்தின் மையம் வரை நிற்கும். கேபிளின் வெளிக்கூடு நடுவில் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். புரட்டாசி, ஐப்பசியில் துர்கா பூஜைக்கு வண்டியை எடுக்கும்போது பெடல் மணலை அரைக்கிற மாதிரி இருக்கும். கேபிளின் பாதை பெடலிலிருந்து ஒரே வீச்சாக ஏறி, பெரிய வளைவாகக் கார்பரேட்டருக்குள் இறங்க வேண்டும். திறந்த முனை வானத்தைப் பார்க்கக் கூடாது. நைலான் உள்ளுறை இருக்கிற கேபிளுக்குள் கிரீஸ் அடைப்பது நல்லது என்று நினைக்கிறார்கள். கிரீஸ் தூசியைப் பிடித்துக் களிம்பாகும். அதை உலர்ந்தபடியே விடுவதுதான் முறை. கம்பி லிங்கேஜின் பால் ஜாயின்ட்டுகளுக்கு எண்ணெய் உண்டு, மாதம் ஒரு சொட்டு. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் இருக்கும் கொஞ்சம் ஆட்டம் வரிசையாகச் சேர்ந்து பெடலில் பெரிய வெறும் நடையாகிவிடும். முதல் அங்குலத்துக்காக இவ்வளவு உழைத்துவிட்டு அதைத் தேய்ந்த ஜாயின்ட்டுகளுக்குக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

குளிர்காலத்தில் வேறு மாதிரி வாடிக்கையாளர்கள் வருவார்கள். தி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் விண்டேஜ், கிளாசிக் கார் ரேலி கொல்கத்தாவில் 1968இலிருந்து நடக்கிறது. அதற்கு வண்டியைத் தயார் செய்கிறவர்களுக்கு எல்லாம் பிறந்தபடியே இருக்க வேண்டும். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வண்டிப் பதிவு விதியும் அதையே கேட்கிறது. 50 வயதைத் தாண்டி, மூல வடிவம் கெடாத வண்டிக்குத்தான் வி.ஏ. எழுத்துள்ள எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்கு. அப்படிப்பட்ட வண்டியைத் தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்தவும் முடியாது. இதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த வண்டிக்கும் தகட்டுச் சுவரில் புதுத் துளை போடுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் துளைகளிலும் போல்ட்டுகளிலும் மட்டுமே என் பிராக்கெட்டுகள் உட்காரும். கழற்றிய பழைய லீவர், கம்பி, ஸ்பிரிங் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, பைக்குள் போட்டு, டிக்கியில் வைத்துக் கொடுத்துவிடுவேன். அடுத்து வருகிறவர் விரும்பினால் ஒரு பகலில் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். இன்னொருவர் செய்து வைத்ததைத் திருத்த முடியாமல் வெட்டித் தைக்கிற வேலை எவ்வளவு வேதனை என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

கடைசியாகப் பெடலின் உயரம். இதை நான் முதலாளியை வைத்துச் செய்வதில்லை. எங்கள் ஊரில் பழைய வண்டிகளைப் பெரும்பாலும் ஓட்டுகிறவர் டிரைவர். "தாதா, நீங்க உட்காருங்க, எப்பவும் போடற செருப்போடயே உட்காருங்க" என்று அவரைச் சீட்டில் ஏற்றுவேன். பாதிப்பேர் சப்பலில் ஓட்டுகிறார்கள், சிலர் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால். தடித்த ஷூவுக்கு வைத்த உயரம் சப்பலுக்கு எட்டாது. பெடலின் கூர்விளிம்பு சப்பலின் வாரில் மாட்டும், அதை அரத்தால் மழித்துவிடுவேன். பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் குதிகாலைத் தூக்காமல் அவர் பாதம் திரும்புகிறதா என்று கீழே குனிந்து பார்ப்பேன். பிறகு என்ஜினைப் போட்டு, கால் எடுத்ததும் சத்தம் உடனே இறங்குகிறதா என்று அவரையே கேட்கச் சொல்வேன். எப்போதாவது இறங்காமல் நின்றால் கிளட்சை மிதித்துச் சாவியை அணைக்க வேண்டும், குனிந்து பெடலைக் கையால் இழுக்கக் கூடாது என்பதைச் சொல்லி, நிற்கிற வண்டியில் ஒருமுறை செய்து காட்டவும் வைப்பேன். சிலர் இதெல்லாம் எதற்கு என்பார்கள். செய்து காட்டிய பிறகுதான் சாவியைக் கொடுக்கிறேன்.